பூனையின் வழக்கம் மாறினால் கவனிங்க!

நெல்லும் பயறும் கடலையும் வீட்டில் சேர்த்து வைக்கிற நமக்கு, மருந்து வைக்காமல் எலியை அடக்கித் தருவது பூனைதான். மாடு தீனி எடுக்கலைன்னா அன்னைக்கே தெரிஞ்சிடும். பூனை அப்படியில்லை. வலியை வெளியே காட்டாது. ஒதுங்கிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் நான் அதன் வழக்கத்தைத்தான் கவனிப்பேன். எங்கே படுக்குது, எப்போ சோத்துக்கு வருது, எவ்வளவு தண்ணி குடிக்குது, எங்கே மண்ணைப் பறிக்குது என்று தெரிந்திருந்தால் போதும். மாறினால் உடனே பிடிபடும்.

பரணில் தாவி ஏறிய வயசான பூனை தரையிலேயே படுத்தால் மூட்டு வலி இருக்கலாம். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டு முடி சடை கட்டினால், வாய்ப்புண்ணோ பல்வலியோ இருக்கான்னு பாருங்க. தண்ணீர் அதிகம் குடித்து, இளைத்துக்கொண்டே வந்தால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம். இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால், அதுவும் கொழுத்த பூனை என்றால், ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ரொம்ப அவசரமானது கடுவன் பூனைக்கு வரும் நீரடைப்பு. அடிக்கடி மண்ணைப் பறித்து உட்காரும், முக்கும், கத்தும், அடியில் நக்கிக்கொண்டே இருக்கும். சிறுநீர் மட்டும் வராது. மலச்சிக்கல்னு நினைச்சு விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் செத்துப்போகும். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்க.

நம்ம வயலில் விஷம் வைக்காவிட்டாலும், பக்கத்து வயலில் விஷம் தின்ற எலியை நம்ம பூனை பிடிக்கும். ரத்தம் உறையவிடாத எலி மருந்து என்றால் சில நாள் கழித்துத்தான் குறி தெரியும்: சோர்வு, வெளுத்த ஈறு, மூச்சிரைப்பு, மூக்கிலோ மலத்திலோ ரத்தம். இதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் போனால் பிழைக்கும். எலி மருந்து அட்டை கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்க.

தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்க. நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேலேயே தொடர்ந்து இருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ தாமதிக்க வேண்டாம்.

சாதுவான பூனை திடீரென்று சீறிக் கடித்தால் வெறிநோயையும் நினைக்க வேண்டும். கடித்த, கீறிய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளணும்.

காய்ச்சல்னு பாராசிட்டமால் கொடுக்காதீங்க. பூனைக்கு அது விஷம். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படித்தான்.

எந்த மாற்றம், எந்த நாளில் தொடங்கியதுன்னு குறிச்சு வைங்க. வாயில்லா ஜீவனுக்காக மருத்துவரிடம் நாம்தான் பேசணும்.