நாய்க்குட்டியைக் கப்பலேற்றும் முன்

கோடை விடுமுறை முடிந்து மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்து சேரும் நாளில் ஹேடோ துறைமுக வாசலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். நம்மவர்கள் ஊரிலிருந்து என்னென்ன சுமந்து வருகிறார்கள் என்பது தெரியும். புளி, மிளகாய்த்தூள், வடகம், அப்பளக் கட்டு, சாக்குப் பையில் சுற்றிய அம்மிக்குழவி. அண்மைக் காலமாக இந்தப் பட்டியலில் நாய்க்குட்டியும் சேர்ந்துகொள்ள ஆசைப்படுகிறது. எங்கள் ஃபீனிக்ஸ் பே குடியிருப்பில் மட்டும் இந்த ஆண்டு மூன்று குடும்பத்தார், "ஊருக்குப் போகிறோம், வரும்போது ஒரு குட்டி கொண்டு வரலாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டார்கள். நான் கால்நடை மருத்துவன் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் நாய் வைத்திருப்பவன். ஜங்லிகாட் கால்நடை மருத்துவமனை வராந்தாவில் பல காலைப் பொழுதுகளைக் கழித்தவன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. இந்தியா முழுவதும் வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபீஸ், இருக்கிறது. அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் மட்டும் அந்த நோய் இல்லாத பகுதிகளாகக் கருதப்பட்டு வருகின்றன. லட்சத்தீவில் நாய் வளர்ப்பதே கிடையாது. நம் தீவுகளிலோ தெருவுக்குத் தெரு நாய்கள். ஜெட்டியில் படுத்திருக்கும், மீன் கடை வாசலில் காத்திருக்கும், பள்ளி விட்டால் பிள்ளைகளோடு வீடு வரை வரும். (தமிழில் "போ" என்றால் அசையாது, இந்தியில் "சல்" என்றால்தான் எழுந்து போகும்.) இத்தனை நாய்கள் இருந்தும் அந்த நோய் இல்லாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் இருக்கிறது. அந்தக் கடலைத் தாண்டி நோய் வரவேண்டுமானால் யாராவது அதைக் கூடையில் வைத்துக் கொண்டு வரவேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. இந்தோனேசியாவில் ஃபுளோரஸ் என்று ஒரு தீவு. அங்கும் ரேபீஸ் இல்லாமல்தான் இருந்தது. 1997ஆம் ஆண்டு வேறொரு தீவிலிருந்து மீனவர்கள் மூன்று நாய்களைப் படகில் கொண்டு வந்தார்கள். அவற்றோடு நோயும் வந்து இறங்கியது. பிறகு லட்சக்கணக்கான நாய்களைக் கொன்று பார்த்தார்கள்; நோய் போகவில்லை. அடுத்து 2008இல் பாலித் தீவு. அங்கும் அதற்கு முன் ரேபீஸ் கிடையாது. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மனித உயிர்கள் போயின. நோய்க்குறி தெரிந்த பிறகு இந்த நோயிலிருந்து பிழைப்பவர் அநேகமாக இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படியுங்கள்.

"எங்கள் குட்டி நன்றாகத்தானே இருக்கிறது, துள்ளி விளையாடுகிறதே" என்பார்கள். அதுதான் சிக்கல். கடிபட்ட நாய்க்கு நோய் வெளியே தெரியச் சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். அதுவரை அது எல்லா நாயையும் போலத்தான் சோறு தின்னும், வாலை ஆட்டும். மூன்று நாள் கப்பல் பயணத்தில் எதுவும் தெரியப் போவதில்லை.

ஊசி போட்டுவிட்டால் போயிற்று என்பதும் பாதி உண்மைதான். ரேபீஸ் தடுப்பூசியைப் பொதுவாகக் குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்த பிறகே போடுகிறார்கள். அதற்கு முன் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காது. போட்ட பின்பும் பாதுகாப்பு உண்டாக மூன்று வாரமாவது வேண்டும். ஆக, நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கப்பலேற்றக் கூடாது என்பது என் கணக்கு. ஆனால் கடைக்காரர் விற்பதோ நாற்பத்தைந்து நாள் குட்டி! "சின்னதாக இருந்தால்தான் நம்மோடு ஒட்டும்" என்று அவர் சொல்வார். ஒட்டும்தான், அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்பதை அவர் சொல்ல மாட்டார்.

அப்படியும் மெயின்லேண்டு நாய்தான் வேண்டும் என்றால், குட்டியை ஊரில் உறவினர் வீட்டிலேயே தெருநாய் அண்டாமல் வளர்த்து, ஊசிகளை முடித்து, அடுத்த விடுமுறையில் அழைத்து வாருங்கள். சென்னையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903இல் தொடங்கிய பழைய கல்லூரி. அங்கே பரிசோதனை செய்து, ஊசி அட்டையில் தேதியும் மருந்தின் விவரமும் எழுதி, மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளலாம். கப்பலோ விமானமோ, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே விலங்கு கொண்டுபோகும் விதிமுறையைக் கேளுங்கள். துறைமுகத்தில் வந்து கெஞ்சிக் கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். யாருக்கும் தெரியாமல் பைக்குள் வைத்துக் கொண்டுவருவதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களிடம் பாலித் தீவின் கதையைச் சொல்லுங்கள்.

எனக்குக் கேட்டால் வேறு ஒரு யோசனை சொல்வேன். குட்டி இங்கேயே இருக்கிறது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போகும் சாலையில் மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நடை நடந்தால் ஏதாவது ஒரு வாசல்படிக்குக் கீழே நான்கைந்து குட்டிகள் கிடக்கும். இந்த ஈரத்துக்கும் வெயிலுக்கும் பழகிய உடம்பு. ராஜபாளையம் நாய் நம் ஊர்ப் பெருமைதான். 2005இல் அதற்கு அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். ஆனால் அது ஓடி வளர்ந்த இனம். இரண்டு அறை அரசுக் குடியிருப்பில் கம்பியில் கட்டி வைத்தால் அதற்கும் நிம்மதி இல்லை, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நிம்மதி இல்லை. தெருக்குட்டியானாலும் ஜங்லிகாட்டுக்குக் கொண்டுபோய்ப் பூச்சி மருந்தும் தடுப்பூசிகளும் கட்டாயம் போடவேண்டும். ரேபீஸ் இல்லாத ஊரில் ரேபீஸ் ஊசி எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு நாள் அது வந்து இறங்கினால் தடுத்து நிறுத்தப்போவது ஏற்கெனவே ஊசி போட்ட நாய்கள்தான்.

இதோடு சேர்த்து நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நாய் என்றால் பயமே கிடையாது. மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போனதும் தாத்தா வீட்டுத் தெருவில் கண்ட நாயையும் கட்டிக்கொள்வார்கள். புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள். கடியோ, பல் பட்ட கீறலோ எதுவானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பதெல்லாம் பழங்கதை. இப்போது கையில் போடும் சில ஊசிகள்தான். கடித்த இடத்தைப் பொறுத்துக் கூடுதல் மருந்தும் தேவைப்படலாம். "கப்பலுக்கு நேரமாகிவிட்டது, போர்ட் பிளேயர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். (2024இல் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது, வாய் இன்னும் மாறவில்லை.)

ரேபீஸ் இல்லை என்று நாம் நிம்மதியடையலாம். எலிக்காய்ச்சலில் அந்த நிம்மதி கிடையாது. 1988 முதல் வடக்கு அந்தமானில் டிக்லிபூர்ப் பக்கம் ஒரு காய்ச்சல் வந்து, இருமலில் ரத்தம் கக்கிப் பலர் இறந்தது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். என்னவென்று தெரியாமல் அதற்கு அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், என்று சில ஆண்டுகள் கழித்துப் போர்ட் பிளேயரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் கண்டறிந்தார்கள். எலியின் சிறுநீரில் மட்டுமல்ல, நாய், மாடு, பன்றியின் சிறுநீரிலும் இந்தக் கிருமி வரும். மழைத் தண்ணீரில் கலந்து, காலில் உள்ள சிறு புண் வழியே உள்ளே போகும். படகுத் துறையும் பட்டறையும் மீனும் உள்ள எங்கள் பகுதியில் எலிக்குப் பஞ்சமா! ஆண்டில் ஏழெட்டு மாதம் மழை வேறு. ஆகவே நாய்க்கு லெப்டோ சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். இரவில் நாய்த் தட்டில் மிச்சச் சோற்றை வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். அது எலிக்கு வைக்கும் விருந்து. நாய் மூத்திரம் போகும் இடத்தைச் செருப்பில்லாமல் கழுவவேண்டாம். வீட்டில் யாருக்காவது கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வீட்டில் நாய் இருப்பதை மருத்துவரிடம் தானாகவே சொல்லுங்கள்.

சாப்பாட்டில் நாம் செய்யும் பெரிய தவறு சாம்பார் சோறு. வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். சின்ன வெங்காயமும் அப்படியே. திராட்சையும் சாக்லேட்டும் கூடாது. வெந்த கோழி எலும்பு உடைந்து குடலில் குத்தும். முள் எடுத்த வெந்த மீனும் வெறும் சோறும் போதும். மழைக்காலத்தில் விரலிடுக்கையும் காதையும் தினமும் துடைத்துவிடுங்கள், உண்ணி தேடுங்கள். உப்பங்கழி ஓரமாக நாயோடு உலாவப் போகாதீர்கள். இது முதலைகள் உள்ள ஊர். நாய் அதற்கு நல்ல இரை.

நண்பர் ஒருவரின் மகள் மெரினாவில் குதிரை ஏறிவிட்டு வந்தவள், குதிரையே வேண்டும் என்று இரண்டு வாரம் அடம் பிடித்தாளாம். குதிரை ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும் அம்மா, தனிக்காரி அணை வற்றும் மாதத்தில் நமக்கே குழாயில் தண்ணீர் வருவதில்லையே என்று சொன்னேன். குடம் பிடிக்கும் பிள்ளையாதலால் உடனே புரிந்துகொண்டாள்.

கிளி விஷயம் அவ்வளவு எளிதல்ல. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் பச்சைக்கிளிக் குஞ்சோ மைனாவோ கொண்டுவந்து கொடுத்தால் ஆசையாக வாங்கிவிடுகிறோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது சிறை வரை போகும் குற்றம். கூண்டு காலியாக இருக்கிறது என்றால் கடையில் விற்கும் லவ் பேர்ட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் மனக்கசப்பான விஷயம். இங்கே பலர் மாற்றலில் வருகிறவர்கள். மூன்று நான்கு ஆண்டு கழித்து உத்தரவு வந்ததும் அலமாரியையும் ஃபிரிட்ஜையும் விற்றுவிடுகிறார்கள். நாயை மட்டும் யாரும் வாங்குவதில்லை. ஒரு குடும்பம் போன பிறகு அவர்கள் நாய் பூட்டிய கதவு முன்னே நாலைந்து நாள் கிடந்தது. பிறகு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. எட்டு ஆண்டு எங்களோடு இருந்தது. எல்லா நாய்க்கும் திண்ணை கிடைப்பதில்லை. வெளித்தீவுகளில் இப்படி விடப்பட்ட நாய்கள் கூட்டமாகி, கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தோண்டித் தின்கின்றன. குட்டி எடுக்கும் அன்றைக்கே, மாற்றல் வந்தால் இதை யார் வைத்துக்கொள்வார் என்று ஒருவரைக் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

கூடவே அழைத்துப் போவதானால் இன்னும் நல்லது. அப்போது இந்தக் கட்டுரையைத் தலைகீழாகப் படிக்கவேண்டும். ரேபீஸ் இல்லாத ஊரிலிருந்து இருக்கும் ஊருக்கு நாயைக் கொண்டுபோகிறீர்கள். புறப்பட ஒரு மாதம் முன்பே ஊசியைப் புதுப்பித்து, அட்டையைப் பயணச்சீட்டு வைத்திருக்கும் உறையிலேயே வைத்துவிடுங்கள். கப்பலில் கடைசி நேரத்தில் பெட்டிக்கடியில் தேட முடியாது.