வாசிக்க மாட்டுக்கான், டீச்சர்

"எல்லாம் படிக்கான் டீச்சர். வாசிக்கத்தான் மாட்டுக்கான்."

நெல்லை மாவட்டம் முக்கூடல், பாப்பாக்குடிப் பக்கம் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்த காலம் முழுக்க, தாய்மார்கள் வாயிலிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். எந்த ஆய்வு அதிகாரியும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பிள்ளை பாடம் சொல்வதைக் கேட்கிறவளுக்கு, அவன் ஒப்பிக்கிறானே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடுகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பாடப் புத்தகத்தில் இருக்கும் படத்தைக் கையால் மூடிவிட்டு, கடைசி வரியிலிருந்து மேலே வாசித்துவரச் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது ஒரு சொல்லில் விரலை வையுங்கள். 'கொக்கு' என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, ஓசை மட்டும் ஒன்றாக வருகிறது. அங்கே தடுக்குகிற பிள்ளை உண்டு. கு, சு, நு, டு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து உருமாறுவதில் தொலைகிற பிள்ளை உண்டு. உயிர்மெய் 216-ஐயும் பாட்டாகச் சொல்லிவிட்டு 'மழை'யை வாசிக்கத் திணறுகிற பிள்ளையும் உண்டு. மூவரின் சிக்கலும் வேறு வேறு. ஆனால் மூவரையும் 'மக்கு' என்று கடைசி வரிசையில் உட்கார வைப்பது நம் பழைய வழக்கம். அரசாங்கத் தாளில் 'மெல்லக் கற்போர்' என்று கொஞ்சம் மரியாதையாக எழுதுவோம்.

கணக்கிலும் இதே கதைதான். 52-ல் 17 போனால் 45 என்று எழுதுவாள் ஒருத்தி. கட்டுக்கு 25 பீடி என்று எண்ணி அம்மாவுக்கு வீட்டில் கணக்குச் சொல்வதும் அவள்தான். 2-ல் 7 போகவில்லை. அதனால் 7-ல் 2-ஐக் கழித்துவிடுகிறாள். நூறு கணக்குக் கொடுத்தாலும் நூற்றிலும் அதையேதான் செய்வாள். அவளுக்கு வேண்டியது நூற்றியோராவது கணக்கா? புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து, ஒரு குவியலைக் கலைத்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எப்போது வர வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு காலம்வரை, பிள்ளையின் அறிவுத்திறனுக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவில் பெரிய பள்ளம் விழுந்த பிறகுதான் சிறப்பு உதவி கொடுத்தார்கள். தோற்கும்வரை காத்திருக்கிற முறை என்று அங்குள்ளவர்களே அதைக் கேலி செய்தார்கள். 2004-ல் சட்டம் திருத்தப்பட்டு, கற்றுக்கொடுத்ததற்குப் பிள்ளை எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைப் பார்த்தே முடிவெடுக்கலாம் என்றானது. அதிலிருந்து பரவியதுதான் மூன்று படி முறை. முதல் படி எல்லாருக்கும் ஒழுங்கான வகுப்பு. அதில் தங்கிவிட்டவர்களுக்கு நாலைந்து பேராகச் சேர்த்துக் கூடுதல் பாடம், அது இரண்டாம் படி. அதிலும் தேறாத பிள்ளைக்குத் தனி ஆள், தனி வழி. 25 பேர் வகுப்பில் முதல் படியிலேயே 20 பேர் தேற வேண்டும், இரண்டாம் படிக்கு 4 பேர், மூன்றாவதற்கு ஒருவர் என்பது அவர்கள் கணக்கு. பின்லாந்தும் 2011-லிருந்து மூன்று படி வைத்துப் பார்த்தது. நம் வயல்களில் பிசான நடவு முடிந்த சில நாளில், விட்டுப்போன இடத்தில் நாற்றைச் செருகிவிடுவார்கள். கதிர் பிடித்த பிறகு யாரும் செருகுவதில்லை.

நம் ஊரில் இதற்கு வைத்த பெயர்கள் அழகானவை: அரும்பு, மொட்டு, மலர். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது ஒன்று முதல் மூன்று வகுப்புவரை அப்படிப் பிரித்தார்கள். ஒன்றாம் வகுப்பு நிலை அரும்பு, இரண்டாம் வகுப்பு நிலை மொட்டு, மூன்றாம் வகுப்பு நிலை மலர். மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். அதற்கும் முன்பே, 2007 வாக்கில், செயல்வழிக் கற்றலில் அட்டைகளும் ஏணிப்படியுமாக அவரவர் வேகத்தில் ஏறச் சொல்லிப் பழக்கியிருந்ததால் எங்களுக்கு இது முற்றிலும் புதிதாக இல்லை.

புதிதாக இருந்தது வந்த பிள்ளைகளின் நிலைமைதான். 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்து, 2021 நவம்பர் 1-ம் தேதிதான் வகுப்பறைக்குள் கால் வைத்தது. அப்போது அது இரண்டாம் வகுப்பு. ஏழெட்டு மாதத்தில் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் அரும்பில் உட்கார வேண்டியவர்களே அதிகம், மலர்ப் புத்தகம் விரல்விட்டு எண்ணுகிற பேருக்குத்தான். இந்த இடத்தில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. வகுப்பில் பாதிக்கு மேல் கீழ்ப்படியில் இருந்தால் பிள்ளைகளைப் பிரித்துப் பயனில்லை. முதல் படியைத்தான் பழுது பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில் தெருவுக்குத் தெரு கைகொடுத்தது 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபரில் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு உள்ளூர்ப் பெண்கள் சாயங்காலம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். "இந்தக் காசுக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்துருவாவ" என்று பேசியவர்களும் இருந்தார்கள். கார்த்திக் முரளீதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற பொருளியலாளர்கள் தமிழகக் கிராமப் பிள்ளைகளை அளந்து பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது. சின்னக் குழு, பக்கத்து வீட்டு அக்கா, தினமும் கொஞ்ச நேரம்: இரண்டாம் படிக்கு வேண்டியது இவ்வளவுதான்.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குறைகளும் உண்டு. செல்போன் செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றுவதிலேயே வகுப்பு நேரம் கரைகிறது என்று ஆசிரியர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று, படி என்பது ஏறுவதற்கு. அதுவே பட்டப்பெயர் ஆகிவிடக் கூடாது. "ஏல அரும்பு!" என்று மைதானத்தில் ஒருவனை ஒருவன் கூப்பிட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது பார்த்து ஆளை மாற்றாத குழு, பழைய கடைசி வரிசைதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆனது மாதிரி பள்ளி நின்றுபோனால், பாடத்தைத் தொடர்வதற்கு முன் மறுபடியும் நிலை பார்ப்பது நல்லது.

நம்மிடம் மெலிந்து கிடப்பது மூன்றாம் படி. பாளையங்கோட்டையில் 1890-களிலேயே புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். அப்படிப்பட்ட மண்ணில், எழுத்தை மூளை பிரித்தறியத் திணறுகிற டிஸ்லெக்ஸியாப் பிள்ளை இன்னமும் அடிதான் வாங்குகிறது. பார்த்தால் குறை தெரியாதே! 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் குறைபாடாக ஏற்றிருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் பல பள்ளிகளைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. அவர்களிடம் போவதற்கு முன்னால் பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடிதான் மருந்து.

2025-26-ல் ஆறு முதல் ஒன்பது வகுப்புவரை 'திறன்' என்ற பெயரில் அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்குக்குத் தனிப் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் மீசை அரும்புகிற வயதில் 'கொக்கு' வாசிக்க அவனுக்குக் கூச்சமாக இருக்கும். எட்டாம் வகுப்புவரை எல்லாரும் தேர்ச்சி என்பதால்தான் இப்படி என்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பெயிலாக்கினால் பிள்ளை வீட்டில் பீடி சுற்றும், வாசிக்காது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை மார்க் என்று கேட்க வேண்டாம். என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான், எந்த எழுத்தில் தடுக்குகிறான், திரும்ப எப்போது பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். பிள்ளை இரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே கேளுங்கள்.