முதலாளியின் கையில் இருப்பது அமானிதம்

ஒரு நிறுவனத்தை நடத்துபவர் அதன் சொந்தக்காரரா, பொறுப்பாளரா? இஸ்லாமிய நெறி ஒரு வியாபாரியை எப்படி வழிநடத்துகிறது என்று புரிந்துகொள்ள விரும்புபவர் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். செல்வம் இறைவனுடையது, மனிதனிடம் அது சில காலம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பது குர்ஆனின் பார்வை. பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது நம்பிக் கொடுத்துவிட்டுப் போன நகையை அமானிதம் என்போம். கடையின் முதலும் அப்படித்தான். அதில் வேலை செய்யும் பையனின் உழைப்பும், கடனுக்குச் சரக்கு தந்த மொத்த வியாபாரியின் நம்பிக்கையும் அப்படித்தான். இவற்றைத் திருப்பிக் கேட்கப்போகிறவன் ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணம் முதலாளியின் மனதில் உட்கார்ந்துவிட்டால், அவருடைய அன்றாட முடிவுகள் மாறத் தொடங்கும்.

எண்ணம் மட்டும் போதாதல்லவா? இந்த மரபில் நான் பெரிதாக மதிப்பது, அந்த எண்ணத்தை எடைக்கல், கடன் சீட்டு, சம்பளத் தேதி என்று கையால் தொடக்கூடிய விஷயங்களாக மாற்றி வைத்திருப்பதைத்தான்.

இந்த மரபை உருவாக்கியவர்கள் சந்தையை அறிந்தவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) இளமையில் வியாபாரி. வணிகரான கதீஜா அம்மையாரின் சரக்கை ஷாம் (சிரியா) தேசத்துக்குக் கொண்டுபோய் விற்று வந்தார்கள். முதல் போட்டவர் ஒரு பெண், உழைத்தவர் ஓர் இளைஞர். நம்பிக்கைக்குரியவர் என்ற பெயர், நபித்துவம் கிடைப்பதற்கு முன்பே மக்கா மக்கள் அவருக்குக் கொடுத்தது.

பின்னால் வந்த சட்ட அறிஞர்களிலும் வியாபாரிகள் உண்டு. திருச்சியில் தென்னூர், பாலக்கரைப் பக்கம் வாழும் ராவுத்தர்கள் பொதுவாக ஹனஃபி மத்ஹபை (சட்டப் பள்ளியை) சேர்ந்தவர்கள். கீழக்கரை, காயல்பட்டினம் என்று கடற்கரைக்குப் போனால் ஷாஃபி மத்ஹப். ராவுத்தர்கள் பின்பற்றும் இமாம் அபூஹனீஃபா (699–767) கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. ஒரு துணியில் குறை இருந்தது. வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட்டு விற்கும்படி கூட்டாளியிடம் சொல்லியிருந்தார். கூட்டாளி மறந்துவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாம் அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்.

தவறு செய்தது கூட்டாளி, அதுவும் மறதியால். ஆனாலும் அந்தப் பணம் தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று இமாம் நினைத்தார். இன்று கடையில் நிற்கும் விற்பனையாளருக்கு மாத இலக்கு வைத்து நெருக்கும் முதலாளி, அந்தப் பையன் பொய் சொல்லி விற்றால் "அது அவன் பாடு" என்று ஒதுங்கிக்கொள்வதை இந்த நெறி ஏற்காது. பொய் சொல்லாமல் எட்ட முடியாத இலக்கை வைத்தவருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

தானியக் குவியல் பற்றிய ஹதீஸும் இதைச் சேர்ந்ததுதான். நபியவர்கள் சந்தையில் ஒரு குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கிறார்கள், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டிக்கிறார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றம் இல்லை, நனைந்ததை அடியில் வைத்ததுதான் குற்றம். தென்னூர் உழவர் சந்தையில் தக்காளி விற்பவருக்கும், பழைய ஸ்கூட்டர் வாங்கி விற்பவருக்கும் இது அப்படியே பொருந்தும். இன்ஜின் வேலை பார்த்த வண்டி என்றால் விலை பேசுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கடனுக்கு வருவோம். குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் பலரும் தொழுகை, சொர்க்கம் என்று நினைப்பார்கள். அது கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது. இரண்டாம் அத்தியாயம், 282ஆம் வசனம். தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், தொகை சிறிதோ பெரிதோ சலித்துக்கொள்ளாதீர்கள், சாட்சி வையுங்கள், கடன் வாங்குபவர் வாசகத்தைச் சொல்ல எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும் என்று அது விரிகிறது. சொல்லும் உரிமை கடன் வாங்கியவருக்கு என்பதைக் கவனியுங்கள். பணம் வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்கு நிபந்தனைகளை நுழைத்துவிடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. அதற்குச் சற்று முன்னால் வரும் வசனம், கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது.

நம் ஊரில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து நடத்தும் கடைகள் ஏராளம். "சொந்தத்துக்குள் எதற்கு எழுத்து" என்று தொடங்கி, இரண்டாம் தலைமுறையில் கோர்ட்டுக்குப் போனவையும் ஏராளம். பங்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு, பிரிந்தால் எப்படி என்று முதல் நாளே எழுதிக்கொள்வதை நம்பிக்கைக் குறைவாகப் பார்க்க வேண்டியதில்லை. எழுதச் சொல்வது மார்க்கம்.

கூலி விஷயத்தில் சொல்லப்பட்டது சுருக்கமானது, எல்லாருக்கும் தெரிந்தது: உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் கொடுத்துவிடு. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்பதும் நபிமொழி. தெரிந்திருந்தும் நடைமுறையில் சறுக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். ரமலானில் ஊரே மெச்சும்படி தர்மம் கொடுத்துவிட்டு, கடைப் பையனின் சம்பளத்தைப் பதினைந்தாம் தேதிவரை இழுத்தடிப்பதை எந்த தர்மமும் ஈடு செய்யாது. சம்பளம் அவனுக்குச் சேரவேண்டிய ஹக், அதாவது உரிமை.

இதைவிட அதிகம் பேச வேண்டியது கலந்தாலோசனை. தமிழ் முஸ்லிம்கள் மசூரா என்பார்கள். கி.பி. 625இல் நடந்த உஹதுப் போருக்கு முன் ஓர் ஆலோசனை நடந்தது. மதீனா நகருக்குள் இருந்தே எதிரியைச் சந்திக்கலாம் என்பது நபியவர்களின் எண்ணமாக இருந்தது. இளைஞர்கள் பலர் வெளியே போய்ப் போரிட வேண்டும் என்றார்கள். நபியவர்கள் அவர்கள் சொன்னதை ஏற்றுப் புறப்பட்டார்கள். அந்தப் போரில் முஸ்லிம்களுக்குப் பெரும் இழப்பு. சிறிய தந்தை ஹம்ஸா உட்பட எழுபது பேர் அளவுக்கு உயிரிழந்தார்கள்.

சாதாரணத் தலைவராக இருந்தால், "இனி யாரையும் கேட்கப் போவதில்லை" என்று முடிவெடுத்திருப்பார். அந்தத் தோல்வியின் பின்னணியில் இறங்கிய குர்ஆன் வசனமோ, அவர்களை மன்னியுங்கள், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசியுங்கள், முடிவெடுத்த பின் இறைவனை நம்பிச் செயல்படுங்கள் என்று நபிக்கே கட்டளையிடுகிறது. யோசனை தோற்றுப்போனதற்காக யோசனை சொன்னவரை ஒதுக்கக் கூடாது. மேலாண்மை வகுப்புகளில் எத்தனையோ கேட்கிறோம், தோல்விக்குப் பிறகும் ஆலோசனையை விடாதே என்பதை இவ்வளவு கனமான ஒரு சூழலில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பத்ருப் போர்க்களத்தில் ஹுபாப் என்ற தோழர் கேட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் பாளையம் இறங்கியது இறைவனின் உத்தரவா, உங்கள் சொந்த யோசனையா என்று நபியிடம் கேட்கிறார். சொந்த யோசனைதான் என்றதும், தண்ணீர்க் கிணறுகளை ஒட்டிப் போய்விடலாம் என்கிறார். படை நகர்கிறது. தலைவரிடம் இப்படிக் கேட்கும் துணிச்சல் ஒருவருக்கு வர வேண்டுமானால், கேட்டவரைத் தலைவர் இதற்கு முன் அவமானப்படுத்தியிருக்கக் கூடாது. "அத்தா (அப்பா) சொல்லிவிட்டார், அவ்வளவுதான்" என்று ஓடும் கடைகளில், கணக்குப் பிள்ளைக்கு ஓட்டை தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டார். மசூராவில் பெண்களை உட்கார வைக்காததும் என் பார்வையில் ஒரு குறை. நபியவர்களின் வியாபாரம் கதீஜா அம்மையாரின் பணத்தில் நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், கடை நிலவரத்தை மனைவியிடமும் மகளிடமும் மறைக்கக் காரணம் இல்லை.

கட்டாய தர்மமான ஜகாத்தின் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம், ஏனென்றால் பலர் அதை மனக்கணக்கில் முடித்துவிடுகிறார்கள். சுமார் 85 கிராம் தங்கத்தின் மதிப்பு (வெள்ளியை அளவாகக் கொள்பவர்களுக்கு 595 கிராம் என்பார்கள், எடையில் சட்ட அறிஞர்களிடையே சிறு வேறுபாடு உண்டு) ஒருவரிடம் ஓர் ஆண்டு நிலைத்தால், நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். தென்னூர் ஹைரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். விற்பனைச் சரக்கின் மதிப்பு 20 லட்சம், ரொக்கமும் வங்கி இருப்பும் 3 லட்சம், நிச்சயமாக வரும் பாக்கி 2 லட்சம், மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது 9 லட்சம். கூட்டிக் கழித்தால் 16 லட்சம். ஜகாத் 40,000 ரூபாய். கடைக் கட்டடம், ரேக், தராசு, டெலிவரி வண்டி இவை கணக்கில் வராது. ஆண்டு என்பது சந்திர ஆண்டு, 354 நாள். ஆங்கில ஆண்டுக்குக் கணக்கு முடிப்பவர்கள் அந்தப் பதினோரு நாள் வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லாபத்தின் மீது மட்டும் வரும் வருமான வரி வேறு, ஜகாத் வேறு என்பது இங்கே புரியும். விற்காமல் கிடக்கும் சரக்குக்கும் ஜகாத் உண்டு. அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது முதலாளி ஸ்டாக் எடுத்தாக வேண்டும், தன் கடன்களை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். பதுக்கி வைப்பதும் செலவு பிடிக்கும் காரியமாகிவிடுகிறது. இன்னொன்று: கடை ஊழியரின் சம்பளத்துக்கோ போனஸுக்கோ பதிலாக ஜகாத்தைக் கொடுத்துக் கணக்கு முடிக்க முடியாது. ஏழை ஊழியருக்கு ஜகாத் சேரலாம், உழைப்புக்கான கூலியாக அது ஆகக்கூடாது.

கட்டாயக் கடமைக்கு மேல் ஒரு படி, இறந்த பிறகும் பயன் ஓடிக்கொண்டிருக்கும் தர்மம். இதற்குத் திருச்சியிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. தென்னூரிலிருந்து தெற்கே சில கிலோமீட்டரில், காஜா நகரில் இருக்கும் ஜமால் முகமது கல்லூரி. 1951இல் தொடங்கிய இக்கல்லூரியின் நிறுவனர்களாக ஹாஜி எம். ஜமால் முகமது சாஹிபும் என்.எம். காஜாமியான் ராவுத்தரும் போற்றப்படுகிறார்கள். ஜமால் முகமது சென்னையின் பெரிய தோல் வணிகர். இந்திய வணிகச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிக்கியின் தலைவராக 1931–32இல் இருந்தவர், லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் போனவர். அறிஞர்களை அழைத்துச் சென்னையில் தொடர் சொற்பொழிவுகள் நடக்கத் துணை நின்றவரும் அவர்தான். 1925இல் சையத் சுலைமான் நத்வி, பிறகு மார்மடியூக் பிக்தால், 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார்கள். இக்பாலின் புகழ்பெற்ற தத்துவ நூலுக்கு அந்தச் சென்னைச் சொற்பொழிவுகள்தான் அடித்தளம்.

ஒரு தோல் வியாபாரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சம்பாதித்ததில் சமூகத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைத்த வணிகர்கள் தமிழ்நாடெங்கும் இருந்தார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என்று பட்டியல் நீளும். அவற்றில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய எத்தனை குடும்பங்கள் திருச்சியைச் சுற்றி இருக்கின்றன!

மிச்சம் இருப்பது மார்க்கம் தடுத்திருக்கும் வட்டி, இன்றைய முஸ்லிம் தொழில்முனைவோரை உண்மையிலேயே திணற வைக்கும் விஷயம். இந்தியாவில் வட்டியில்லா வங்கிக்குச் சட்டப்படி இடம் இல்லை. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா நிதிச் சேவைக்கு வழி செய்யப் பரிந்துரைத்தது, 2017இல் ரிசர்வ் வங்கி அதைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தது. எனவே வங்கியில் ஓ.டி. (மிகைப்பற்று) வாங்காமல் தொழிலை வளர்க்க நினைப்பவருக்கு இருக்கும் வழிகள் குறைவு: லாபத்தை மறுபடி முதலாக்குவது, சரக்குக் கடன், கூட்டாளி சேர்ப்பது, சில ஊர்களில் ஜமாஅத்தார் நடத்தும் பைத்துல்மால் (பொது நிதி) கடன். முளாரபா என்னும் பங்கு முறையில் ஒருவர் பணம், மற்றவர் உழைப்பு. லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். உழைத்தவர் தவறு செய்யாதபோது நஷ்டம் வந்தால் பண நஷ்டம் முதலீட்டாளருக்கு, உழைப்பு வீணானது உழைத்தவருக்கு.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் சரிந்தது. ஹலால் முதலீடு என்று நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் பணம் போட்டிருந்தன. நகையை விற்றவர்கள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைக் கொடுத்தவர்கள் என்று அந்தச் செய்திகளைப் படிக்கவே மனம் தாங்கவில்லை. நஷ்டத்தில் பங்கு பற்றிப் பேசாமல் மாதாமாதம் கவர்ச்சியான லாபம் மட்டும் வருகிறது என்றால், அது பங்கு வியாபாரமாக இருக்க வாய்ப்பு குறைவு. அப்படி ஒரு திட்டம் தென்னூருக்கு வந்தால், கொண்டு வருபவரின் தாடியையும் தொப்பியையும் பார்க்காமல், என்ன தொழில், தணிக்கை செய்த கணக்கு எங்கே, செபியிலோ ரிசர்வ் வங்கியிலோ பதிவு உண்டா, நஷ்டம் வந்தால் யாருக்கு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு வாங்குங்கள்.