எல்லைக் கல்லில் எழுதப்பட்ட சட்டம்

ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி வட்டாரத்தில், காட்டைத் திருத்தி ஊரை அமைத்த குடும்பத்தாரே அந்நிலத்துக்கு உரியவர்கள் என்பது முண்டா பழங்குடியினரின் மரபு. பட்டாவும் பத்திரமும் வருமுன்னரே அந்த உரிமைக்குச் சான்றாக நின்றவை கற்கள். ஒன்று, ஊரின் எல்லையைக் காட்டுவது. மற்றொன்று, முன்னோரின் எலும்புகளைப் புதைத்த இடத்தை மூடும் 'சசன்திரி' என்னும் பலகைக் கல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜமீன்தார்களிடம் நிலத்தைப் பறிகொடுத்த முண்டாக்கள், இந்தக் கற்களையே ஆவணமாகக் கருதி கொல்கத்தா வரை சுமந்து சென்றதாகக் கூறப்படுகிறது. 1899-1900-ல் பிர்சா முண்டா தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அதன் பின்னரே, 1908-ல் இயற்றப்பட்ட சோட்டாநாகபுரி குத்தகைச் சட்டம் அவர்களது மரபு உரிமையை ஏற்றது.

பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைகளுக்கு அதிகாரம் வழங்கும் 'பெசா' சட்டத்தை 1996-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன் விதிகளைக் கல்லில் பொறித்து ஊர்தோறும் நடும் பணியை முன்னாள் அதிகாரிகளான பி.டி. சர்மா, பந்தி ஒராவ்ன் ஆகியோர் ஊக்குவித்தனர். பழைய மரபு இவ்வாறு புதிய பொருள் பெற்றது.

2016-ல் குத்தகைச் சட்டத்தைத் திருத்த மாநில அரசு முற்பட்டது. எதிர்ப்பு வலுத்தது. அந்த மசோதாவை 2017-ல் திருப்பி அனுப்பியவர் அப்போதைய ஆளுநர் திரௌபதி முர்மு. 2022-ல் அவரே குடியரசுத் தலைவரானார். இதனிடையே 'பத்தல்கடி' என்ற பெயரில் குந்தியின் ஊர்களில் பச்சை வண்ணம் பூசிய கற்கள் எழுந்தன. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையை மேற்கோள் காட்டிய அவற்றுள் சில, கிராம சபையின் அனுமதியின்றி வெளியார் நுழையக் கூடாது என்றும் அறிவித்தன. இது சட்டத்துக்குப் பொருந்தாத விளக்கம் என்றது அரசு. ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் தொடரப்பட்டன. தேசத் துரோகப் பிரிவும் சேர்க்கப்பட்டது. 2019 டிசம்பரில் பதவியேற்ற ஹேமந்த் சோரன் அரசு, முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே அவ்வழக்குகளைத் திரும்பப் பெற முடிவு செய்தது.

வழக்குகளோடு கேள்வி முடியவில்லை. நிலம் கையகப்படுத்துமுன் கிராம சபையைக் 'கலந்தாலோசிக்க வேண்டும்' என்றே பெசா சட்டம் கூறுகிறது. 'ஒப்புதல் பெற வேண்டும்' என்று கூறவில்லை. சபை மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அச்சொல்லில் விடை இல்லை. தங்கள் எல்லைக்குள் இறுதி முடிவு தங்களுடையதே என்கின்றன கற்கள். சட்டமோ அவ்வளவு தூரம் செல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்துக்கே உரியது.