ஆலமர நிலையமும் 12 மில்லிமீட்டர் தண்டவாளமும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் ரயில் கொல்லங்கோட்டைக் கடந்ததும் வலப்புறத்தில் நெல்லியாம்பதி மலைகள் தெரிகின்றன. மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சிறிய நிலையம் வருகிறது. அதன் நடைமேடையில் முதிய ஆலமரங்கள் விழுது விட்டு நிற்கின்றன. அதுவே முதலமடை. மாம்பழத்தால் பெயர் பெற்ற இவ்வூரை நேரில் காணாதவர்களும் இந்நிலையத்தைத் திரைப்படங்களில் பார்த்திருக்கக்கூடும்.

இத்தகைய நிலையத்தைக் கண்டதும் அலைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நம் வழக்கம். வேறு சிலர் அதை அப்படியே வீட்டு மேசை மீது அமைத்துப் பார்க்க விரும்புகிறார்கள். மாதிரி ரயில் அமைப்பு என்னும் இப்பொழுதுபோக்கு மேலை நாடுகளிலும் ஜப்பானிலும் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. நம் நாட்டில் இதில் ஈடுபடுவோர் குறைவு. பணி ஓய்வு பெற்றவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒருங்கே பொருந்தும் இக்கலையின் அடிப்படைகளை, முதலமடையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே காண்போம்.

பொம்மையும் மாதிரியும்

கடைகளில் விற்கும் பொம்மை ரயிலும் ஓடுகிறது, மாதிரி ரயிலும் ஓடுகிறது. இரண்டையும் வேறுபடுத்துவது அளவு விகிதம். மாதிரியில் இன்ஜின், பெட்டி, நடைமேடை, மரம், மனிதர் ஆகிய அனைத்தும் ஒரே விகிதத்தில் சிறுத்திருக்க வேண்டும்.

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் தண்டவாள அகலங்களை வரிசைப்படுத்தி அறிமுகம் செய்தது. அதன்பின் ஒருவர் வாங்கிய வண்டியை மற்றொருவரின் பாதையில் ஓட்ட வழி பிறந்தது. இன்று உலகில் மிகப் பரவலாக உள்ளது ‘எச்.ஓ.’ எனப்படும் 1:87 விகிதம். உண்மையான ஓர் அடி இதில் 3.5 மில்லிமீட்டராகிறது. இடம் குறைந்தவர்கள் ‘என்’ எனப்படும் 1:160 விகிதத்தை நாடுவதுண்டு.

எச்.ஓ. விகிதத்தில் 165 செ.மீ. உயரமுள்ள பயணி 1.9 செ.மீ. உயரத்தில் நிற்பார். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் வழக்கமான அகலப்பாதைப் பெட்டி, இரு முனை பஃபர்களையும் சேர்த்து 22.3 மீட்டர் நீளமுடையது. மாதிரியில் அது 25.6 செ.மீ. மட்டுமே. வேகத்தையும் இவ்வாறே சுருக்க வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, மாதிரியில் நொடிக்கு 19 செ.மீ. நகர்ந்தால் போதும். புதியவர்கள் பெரும்பாலும் இதைப் போல் மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டிவிடுகிறார்கள். பாசஞ்சர் வண்டிக்குரிய நிதானம் அங்கே தொலைந்துவிடுகிறது.

எந்த முதலமடை?

மாதிரி அமைப்பவர் இடத்தோடு காலத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும். முதலமடையில் இத்தேர்வு மிக முக்கியமானது. ஏனெனில், அந்நிலையம் இருவேறு ரயில் பாதைகளைக் கண்டது.

பொள்ளாச்சி – பாலக்காடு பாதை 1932-இல் மீட்டர்கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர் அகலம் கொண்ட இப்பாதை, பழனி, திண்டுக்கல், மதுரை, இராமேசுவரம் ஆகிய ஊர்களைப் பாலக்காட்டோடு இணைத்தது. எல்லைக்கு இருபுறமும் வாழும் மக்களுக்கும் பழனிக்குச் செல்லும் அடியார்களுக்கும் அது பழகிய பாதை. தென்னக மீட்டர்கேஜ் பாதைகளில் ஒரு காலத்தில் ஒய்.பி. வகை நீராவி இன்ஜின்களும், பின்னாளில் ஒய்.டி.எம்.4 வகை டீசல் இன்ஜின்களும் வண்டிகளை இழுத்தன.

2008 டிசம்பரில் அகலப்பாதையாக மாற்றும் பணிக்காக இப்பாதை மூடப்பட்டது. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து, 2015 நவம்பரில் மீண்டும் ரயில் ஓடியது. தண்டவாளங்களுக்கு இடையே இப்போது 1,676 மில்லிமீட்டர் அகலம். அதன்பின் பாதை மின்மயமாகிக் கம்பங்களும் கம்பிகளும் வந்தன. ஆலமரங்கள் நிற்கின்றன, அவற்றின் நிழலில் நின்ற பழைய வண்டிகள் இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். இன்றைய அகலப்பாதையை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. ஆனால் எச்.ஓ. விகிதத்தில் கடைகளில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலமே உடையது. அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மி.மீ. பாதைக்காகச் செய்யப்பட்டது. அதன்மீது இந்திய அகலப்பாதை வண்டியை ஓட்டினால், நாம் அமைக்கும் பாதை உண்மையைவிட 24 செ.மீ. குறுகியதற்கு ஒப்பாகும். நேர் எதிரே நின்று பார்த்தால் கண்ணுக்கு உறுத்தும்.

மீட்டர்கேஜை 87-ஆல் வகுத்தால் வருவது 11.5 மி.மீ. இதற்கு மிக நெருங்கிய 12 மி.மீ. தண்டவாளம் விற்பனையில் உள்ளது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே போன்ற மலைப்பாதைகள் மீட்டர்கேஜில் ஓடுவதால், அவற்றின் மாதிரிகளுக்காக அது தயாரிக்கப்படுகிறது. பிழை அரை மில்லிமீட்டர் மட்டுமே. ஆக, இன்று கண்முன் இருக்கும் முதலமடைப் பாதையைவிட, மறைந்துபோன பாதையையே மேசையில் துல்லியமாக அமைக்க முடிகிறது. 12 மி.மீ. தண்டவாளத்தைத் தேர்ந்தெடுப்பவர், 2008-க்கு முந்தைய முதலமடையைத் தேர்ந்தெடுக்கிறார்.

மூன்று மீட்டர் சுவரில் ஒரு நிலையம்

மாதிரி ரயிலுக்குப் பெரிய அறை வேண்டும் என்ற எண்ணம் பலரைத் தயங்க வைக்கிறது. வட்டமாகச் சுற்றி ஓடும் பாதைக்கு இடம் தேவைதான். நீண்ட பெட்டிகள் தடம் புரளாமலும் ஒன்றோடொன்று உரசாமலும் திரும்ப, வளைவின் ஆரம் 60 செ.மீ. அளவிலாவது இருப்பது நல்லது. அப்படியானால் மேசை நாலடிக்கு மேல் அகலமாக வேண்டும்.

முதலமடை போன்ற வழிநிலையத்துக்கு வட்டம் தேவையில்லை. சுவரோரமாக 3 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலத்தில் ஒரு பலகைத் தட்டு போதும். நடுவே நிலையம், இரு முனைகளிலும் பாதை மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். மறைவிடத்தில் நிற்கும் வண்டி நிலையத்துக்கு வந்து, சற்று நின்று, மறுபுறம் சென்று மறையும். நான்கு பெட்டிகளும் ஓர் இன்ஜினும் ஏறத்தாழ 1.2 மீட்டருக்குள் அடங்கிவிடும். மீட்டர்கேஜ் பெட்டிகளாயின் இதைவிடவும் குறையும்.

நடைமேடையின் முழு நீளத்தையும் அமைக்க முயல வேண்டாம். 300 மீட்டர் நடைமேடை 1:87 விகிதத்திலும் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வரும். அனுபவம் உள்ளவர்கள் நீளத்தைக் குறைத்து, கட்டடம், மரம், பெயர்ப்பலகை ஆகியவற்றின் அளவை மாற்றாமல் வைத்துக்கொள்வார்கள். வண்டியின் நீளத்தைவிட நடைமேடை சற்று மிகுந்திருந்தால், கண் அதை முழு நிலையமாகவே ஏற்றுக்கொள்ளும்.

இன்ஜினுக்கு 12 வோல்ட் நேர்மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகச் செல்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். மின்முனைகளை மாற்றினால் திசை மாறும். தொடக்கத்துக்கு இது போதும். பல இன்ஜின்களைத் தனித்தனியே இயக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டைப் பின்னர் சேர்க்கலாம்.

ஆலமரம் வளர்ப்பது

முதலமடையை முதலமடையாகக் காட்டுவது ஆலமரம். 15 மீட்டர் உயரமுள்ள மரம் இவ்விகிதத்தில் 17 செ.மீ. உயரம் வரும். ஒரு பெட்டியின் உயரம் 5 செ.மீ.க்கும் குறைவு என்பதால், மரம் வண்டிக்கு மேல் குடைபோல் கவிந்து நிற்க வேண்டும். குட்டை மரங்களை நட்டால் நிலையத்தின் தோற்றமே மாறிவிடும்.

பழைய மின்கம்பியிலுள்ள மெல்லிய செம்பு இழைகளை முறுக்கி அடிமரமும் கிளைகளும் செய்யலாம். அதன்மீது பசையில் குழைத்த மரத்தூளைப் பூசினால் பட்டை உருவாகும். விழுதுகளுக்குச் சணல் நார் மிகப் பொருத்தமானது. பச்சைச் சாயம் ஏற்றிய மெல்லிய நுரைப்பஞ்சுத் தூள் இலையாகும். காயவைத்த தேயிலைச் சக்கையைத் தூவினால் மரத்தடிச் சருகு போலவே இருக்கும். பின்னணியில் நெல்லியாம்பதி மலையை அட்டையில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தீட்டி நிறுத்தலாம். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

அளந்து வைப்போம்

முதலமடை ஊராட்சிக்குள் அடங்கிய பரம்பிக்குளம் காட்டிலிருந்து, சாலக்குடி வரை 1907 முதல் 1963 வரை ஒரு மீட்டர்கேஜ் டிராம் பாதை இயங்கியது. கொச்சி அரசின் வனத்துறைக்காக அமைக்கப்பட்ட அப்பாதை, ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவுக்கு மரம் சுமந்து சென்றது. செங்குத்தான சரிவுகளில் மரம் ஏற்றி இறங்கும் வண்டிகளின் எடையே, காலி வண்டிகளைக் கம்பியால் மேலே இழுத்தது. இன்று அதை மாதிரியாகச் செய்ய விரும்புபவர் பழைய ஆவணங்களையும் நிழற்படங்களையுமே நம்பியிருக்க வேண்டும். அதில் வேலை செய்த தலைமுறையிடம் கேட்டறியும் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

முதலமடையின் மீட்டர்கேஜ் காலத்துக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. அவ்வண்டிகளில் பள்ளிக்கும் சந்தைக்கும் சென்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கைகாட்டி மரம் எங்கே நின்றது, தண்ணீர்த் தொட்டி எப்பக்கம் இருந்தது, நிலையக் கட்டடத்துக்கு என்ன வண்ணம் பூசியிருந்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வீட்டில் உள்ள பழைய குடும்பப் படங்களில் நடைமேடையின் ஒரு மூலை தெரியக்கூடும். இவற்றைத் திரட்டி வரைபடமாக்குவதே மாதிரி அமைப்பின் முதல் வேலை. அதைச் செய்பவர், தாம் அறியாமலேயே ஊரின் வரலாற்றை எழுதுகிறார்.

இன்று இருப்பதை அளக்க எளிய வழிகள் உண்டு. நிற்கும் ரயில் பெட்டியே ஓர் அளவு நாடா. எத்தனை பெட்டிகள் என்று எண்ணினால் நடைமேடையின் நீளம் கிடைத்துவிடும். முதன்மைப் பாதையின் கான்கிரீட் சிலிப்பர் கட்டைகள் பொதுவாகக் கிலோமீட்டருக்கு 1,660 என்ற கணக்கில், ஏறத்தாழ 60 செ.மீ. இடைவெளியில் இருக்கும். நடைமேடையில் நின்றவாறே அவற்றை எண்ணலாம். பயணச்சீட்டோ நடைமேடைச் சீட்டோ கையில் இருக்கட்டும். நிலைய அலுவலரிடம் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

மீட்டர்கேஜ் பாதையை நேரில் காண விரும்புவோர் மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயிலைப் பார்க்கலாம். பற்சட்டப் பாதை என்ற வேறுபாடு இருப்பினும், அதன் அகலம் அதே 1,000 மில்லிமீட்டர்தான். சென்னை பெரம்பூரிலும் திருச்சியிலும் உள்ள ரயில் அருங்காட்சியகங்களில் பழைய வண்டிகள் பாதுகாக்கப்படுகின்றன. முழுமையான மாதிரி ரயில் நகரம் ஒன்றைக் காண, புனேயில் 1998 முதல் இயங்கும் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். தனியொருவரின் பொழுதுபோக்காகத் தொடங்கி வளர்ந்தது அது.

செலவைத் திட்டமிடுதல்

இப்பொழுதுபோக்கில் பணம் வீணாவது பெரும்பாலும் அவசரத்தால்தான். விகிதத்தையும் காலத்தையும் முடிவு செய்யும் முன்பே அழகிய இன்ஜின் ஒன்றை வாங்கிவிட்டால், அது பின்னர் நம் பாதைக்குப் பொருந்தாமல் போகும். முதலில் வரைபடம், அடுத்துப் பலகைத் தட்டு, பின்னர் மரமும் கட்டடமும், இறுதியில் தண்டவாளமும் வண்டியும் என்ற வரிசை நன்று. இதற்கென ஒரு சிறு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, அது முதிரும்போது இன்ஜின் வாங்குவது சிறந்த முறை. கடன் வாங்கிச் செய்யத்தக்க செலவன்று இது.

தண்டவாளமும் இன்ஜினும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. பொருளின் விலையோடு சுங்க வரி, அஞ்சல் கட்டணம், அட்டைக்கான அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உங்கள் அட்டையில் பன்னாட்டுப் பயன்பாடு செயல்படுத்தப்பட்டிருக்க வேண்டும். வாங்கி முடித்ததும் அவ்வசதியை நிறுத்தி வைப்பது பாதுகாப்பு.

ஆனால் அதற்கெல்லாம் இன்னும் காலம் இருக்கிறது. வரும் விடுமுறை நாளில் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் பிள்ளை ஒருவரையும் அழைத்துக்கொண்டு, உங்களுக்குப் பழகிய சிறிய நிலையத்துக்குச் செல்லுங்கள். ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளை வரையட்டும்.