முதற்பனியின் வஞ்சகம்

புதுவாயல்வாசிகளாகிய நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் நெற்பயிர்மேல் நிற்கும் துளிதான். ஆயினும் 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் மதராஸ் ரெஜிமெண்டார் காவலிருந்த முகாமின்மேல் பனிச்சுவர் சரிந்தபோது, மாண்ட பதின்மருள் நால்வர் நம் தமிழ்நாட்டார். ஹனுமந்தப்பா என்னும் கன்னட வீரர் ஆறு நாள் புதையுண்டும் உயிரோடு எடுக்கப்பட்டு, 11-ஆம் தேதி உயிர் நீத்தார்.

அங்கே இடிந்தது இறுகிய பனிக்கட்டி. பருவத் தொடக்கத்துப் பனியோ வேறு விதமாய் வஞ்சிப்பது. முதற்பனி மெல்லியதாய்ப் படிகிறது. அடியில் நிலத்தின் வெம்மை, மேலே இரவின் கடுங்குளிர். இடையே ஆவி எழுந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைக் குருணை போலாகின்றன. பின்னர் விழும் கனத்த பனி அதன்மேல் பலகைபோல் அமரும். 30 முதல் 45 பாகைச் சரிவில், ஓர் ஆளின் பாரமே அப்பலகையை அறுத்துவிடக் கூடும். கொஞ்சப் பனிதானே என்று எண்ணுவது பேதைமை. மெல்லிய பனியில்தான் குருணை விரைந்து விளைகிறது!

இதை அறியப் பரீட்சை ஒன்றுண்டு. குழி தோண்டி, 30 செண்டிமீட்டர் சதுரத் தூணாகப் பனியை அறுத்து, பனி அள்ளும் தகட்டை அதன் தலைமேல் வைத்து, மணிக்கட்டு அசைவால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து என்று தட்டுவர். முதற் பத்திலேயே தூண் வழுக்கி விழுந்தால், அறிந்தவர் அச்சரிவில் கால் வையார். முப்பதும் தாங்கினாலோ, அந்தக் குழிக்கு மட்டுமே அது சாட்சி. பத்தடி அப்பால் பனியின் கதை வேறாயிருக்கலாம்.