இரண்டு மருந்து, ஒரே கிண்ணமா?

ஆஸ்துமா உள்ளவர் முகமூடி வழியே மருந்துப் புகையைச் சுவாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். அது புகையன்று; நுண்ணிய நீர்த்திவலைகள். அழுத்தப்பட்ட காற்று குறுகிய துளை வழியே பாய்கையில் கிண்ணத்து மருந்து மேலே இழுக்கப்பட்டுச் சிதறுகிறது. இதுவே நெபுலைசர்.

திவலையின் விட்டம் 1 முதல் 5 மைக்ரான் வரை இருந்தால் நுரையீரலுக்குள் செல்லும். (1 மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) 10 மைக்ரானைத் தாண்டினால், தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் மோதி ஒட்டிக்கொள்ளும். நிலைமம் என்று படித்தீர்களே, அதுதான்!

வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டையும் கிருமி கொல்லும் ஆன்டிபயாடிக்கையும் ஒன்றாக ஊற்றினால் நேரம் மிச்சந்தானே? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு நீரில் கரையாது, துகள்களாக மிதக்கும். மீயொலியால் இயங்கும் நெபுலைசரில் இட்டால் நீர் வெளியேறும். துகள்களில் பெரும்பகுதி கிண்ணத்திலேயே தங்கிவிடும். டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோ தெளிந்த கரைசல். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய்க்காரர்களுக்கென 1997-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஒரு வேளைக்கு 5 மில்லிலிட்டரில் 300 மில்லிகிராம். இவற்றைக் கலந்தால் செறிவு குறையும். பரப்பு இழுவிசையும் பாகுத்தன்மையும் மாறலாம். திவலையின் அளவும் உடன் மாறலாம். கண்ணுக்கு அதே புகைதான் தெரியும்! மருந்து போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது.

ஆகவே டோப்ராமைசினை நெபுலைசரில் வேறெதனுடனும் கலக்கக் கூடாதென்று அதன் குறிப்பே சொல்கிறது. மற்ற மருந்துகள் முதலில், இது கடைசியில். ஸ்டீராய்டு முடிந்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும். தொண்டையில் ஒட்டிய திவலைகள் அங்கே பூஞ்சை வளர இடங்கொடுக்கும்.